கலமசூ கேஸ்: பக்கத்து வீட்டுப் பையன் லத்தீன் படிக்க நான் ஏன் வரி கட்டணும்?

அமெரிக்காவுல மிச்சிகன் மாநிலத்துல கலமசூன்னு ஒரு ஊர் இருக்கு. 1870கள்ல அது சட்டப்படி இன்னும் கிராமம்தான், 1884லதான் நகரம்னு அந்தஸ்து வாங்குச்சு. கிராமம்னதும் நாலு மாடும் ஒரு குளமும்னு நினைச்சுக்காதீங்க, ரயில், காலேஜ், ஆலைங்க எல்லாம் இருந்த ஊரு, ஊரைச் சுத்தின சதுப்பு நிலத்துல ஹாலந்துலேர்ந்து வந்த குடும்பங்க வடிகால் வெட்டி செலரி பயிர் பண்ணிட்டிருந்தாங்க. இந்த ஊர்லதான் 1873ல ஒரு வழக்கு. போட்டவரு சாதாரண ஆளு கிடையாது, சார்லஸ் ஸ்டூவர்ட், 1853லேர்ந்து 1859 வரைக்கும் வாஷிங்டன்ல செனட்டரா இருந்த வக்கீல். கூடவே வரி கட்டுற வேற ரெண்டு மூணு பேர். அவங்க கேட்டது ரெண்டே விஷயம்: ஹை ஸ்கூல் நடத்துறதுக்கு எங்ககிட்ட வரி வாங்காதீங்க, ஊர்ப் பள்ளிக்கூடங்களுக்கு மேல ஒரு சூப்பரின்டெண்டெண்ட்டைப் போட்டு எங்க காசுல அவருக்குச் சம்பளம் கொடுக்காதீங்க.

அந்தக் காலத்துல அமெரிக்காவுல கல்வி பெருகுன கதைய எழுதுறவங்க வழக்கமா நாலஞ்சு கல்வியாளர் பேரைச் சொல்லித்தான் ஆரம்பிப்பாங்க. எனக்கு என்னவோ அதை வரி ரசீதுலேர்ந்து படிச்சாத்தான் புரியுது. யார் புள்ளைக்கு யார் காசு, "ஊர்ப் புள்ளைங்க"ன்னு சொன்னா அதுல யார் யாரைச் சேர்த்தாங்க, யாரைச் சேர்க்கல, இந்த ரெண்டு கேள்விக்குள்ளயே முக்கால்வாசி கதை அடங்கிடும். அதனாலதான் இந்த கேஸை எடுத்துக்கிட்டேன், கடைசில இன்னொரு ஊர்ல நடந்த இன்னொரு கேஸையும் பக்கத்துல வச்சுப் பாக்கப் போறேன், அதுவும் ஹை ஸ்கூல் வரி கேஸ்தான், ஆனா முடிவு நேரெதிர்.

வழக்குக்கு முன்னாடி நிலவரம்

ஆரம்பப் பள்ளியே அப்ப புதுசாத்தான் இலவசம் ஆகியிருந்துச்சு. அதுக்கு முன்னாடி மிச்சிகன், நியூயார்க், கனெக்டிகட் மாதிரி மாநிலங்கள்ல ஒரு முறை இருந்துச்சு, அரசாங்கப் பணம் கொஞ்சம் வரும், அது தீர்ந்ததும் மிச்சச் செலவைப் பெத்தவங்க தலையில கட்டுவாங்க, அதுவும் எப்படின்னா உங்க புள்ள எத்தனை நாள் ஸ்கூலுக்கு வந்தானோ அத்தனை நாளுக்கு பில். மெஸ்ல சாப்பிட்ட நாளை எண்ணி காசு கட்டுற மாதிரி. இதோட விளைவை யோசிச்சுப் பாருங்க, அஞ்சு புள்ளைங்க இருக்குற கூலிக்காரன் என்ன பண்ணுவான், பில் ஏறுதுன்னு தெரிஞ்சதும் மூணு பேரை வீட்டுல நிறுத்திடுவான். புள்ள ஒழுங்கா ஸ்கூலுக்குப் போறதே அப்பனுக்குத் தண்டனை. கட்ட முடியாதவங்களுக்கு விலக்கு உண்டு, ஆனா அதுக்கு நான் ஏழைன்னு ஊரறிய ஒத்துக்கணும். மானஸ்தன் யாரு போய் எழுதிக் கொடுப்பான்?

இந்த பில் முறைய நியூயார்க் 1867ல எடுத்துச்சு, கனெக்டிகட் 1868ல, மிச்சிகன் 1869ல. 1871ல மிச்சிகன்ல கட்டாய வருகைச் சட்டமும் வந்துச்சு. அதாவது 1869ல இலவசம், 1871ல கட்டாயம், 1873ல வழக்கு. அடுத்தடுத்து வந்ததைப் பாக்குறப்போ ஸ்டூவர்ட் மாதிரி ஆளுங்களுக்கு ஏன் வயித்த கலக்குச்சுன்னு புரியும், இது எங்க போய் நிக்கும்னு அவங்களுக்கு ஒரு பயம்.

நாடு முழுக்க எடுத்துக்கிட்டா 1870ல அரசுப் பள்ளிகள்ல கிட்டத்தட்ட 69 லட்சம் புள்ளைங்க. ஆனா பள்ளி நடந்ததே சராசரியா வருஷத்துக்கு 132 நாள், ஒரு புள்ள சராசரியா வந்தது 78 நாள். நடவு, அறுப்பு, பனி, தம்பி தங்கச்சியப் பாத்துக்குற வேலை எல்லாம் போக மிஞ்சுனதுதான் படிப்பு. அரசு ஹை ஸ்கூல்ல இருந்தது மொத்தமே 80,000 பேர், நாட்டோட ஜனத்தொகை 3 கோடியே 85 லட்சம் இருக்கும்போது. வசதி இருந்தவன் காசு கட்டி தனியார் அகாடமிக்கு அனுப்புவான், இல்லாதவன் எழுத்தும் கணக்கும் தெரிஞ்சதும் வேலைக்குப் போவான். யாருக்கும் அது பெரிய அநியாயமாவும் படல.

ஸ்டூவர்ட் தரப்பு சொன்னது என்ன

அவங்க வாதத்தைக் கஞ்சத்தனம்னு தள்ளிவிடுறது சுலபம், ஆனா அதுல ஒரு லாஜிக் இருக்கு. எழுதப் படிக்க, கணக்குப் போடத் தெரியாத ஆளால ஊருக்கே தொந்தரவு, ஓட்டுப் போடுறவனுக்கு அந்த அளவு தெரியணும், அதுக்கு வரி கட்டுறோம், சரி. லத்தீன் எதுக்கு? பிரெஞ்சு, ஜெர்மன் எதுக்கு? அதெல்லாம் வசதியான வீட்டுப் புள்ளைங்க மெருகு ஏத்திக்குறதுக்குப் படிக்கிறது, போறதும் ஒரு கைப்பிடி பேரு, அவங்க சொகுசுக்கு ஏன் எல்லாரும் அழணும்? மாநில அரசியல் சாசனம் ஆரம்பப் பள்ளிய இலவசமா நடத்தணும்னு சொல்லுது, அதுவும் இங்கிலீஷ்ல நடத்தணும்னு சொல்லுது, ஹை ஸ்கூல்னு அதுல எங்க இருக்கு காட்டு.

எனக்கு இதைப் படிக்கும்போது எங்க அபார்ட்மெண்ட் மீட்டிங்தான் ஞாபகம் வந்துச்சு. கிரவுண்ட் ஃப்ளோர்ல ஒருத்தர், நான் லிஃப்ட்ல ஏறுறதே இல்ல, அதோட மெயின்டெனன்ஸ்ல நான் ஏன் பங்கு தரணும்னு மூணு மாசம் சண்டை போட்டாரு. அவர் கேட்டதுல தப்பு கண்டுபிடிக்க யாருக்கும் சட்டுனு வரல, அதான் எரிச்சல். ஸ்டூவர்ட் கேள்வியும் அந்த ரகம்தான், மேல் மாடிக்கு ஏறவே போகாதவன்கிட்ட லிஃப்டுக்குக் காசு கேக்குறீங்களேங்கிறது.

அந்த ஊர் கோர்ட்டு பள்ளி மாவட்டத்துக்கு, அதாவது ஊர்ப் பள்ளிகளை நடத்துற அமைப்புக்குச் சாதகமா தீர்ப்பு சொல்லுச்சு. ஸ்டூவர்ட் விடல, மாநில சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனாரு. 1874 ஜூலையில தீர்ப்பு. அது எந்த நேரம்னா, போன வருஷம் செப்டம்பர்லதான் ஜே குக் பேங்க் கவுந்து நாடு முழுக்க மந்தம், எல்லார் கையிலயும் காசுத் தட்டுப்பாடு. வரியக் குறைக்கிறேன்னு சொன்னா கை தட்டு வாங்கியிருக்கலாம்.

கூலி எழுதுன தீர்ப்பு

தீர்ப்பை எழுதுனது தாமஸ் கூலி. இவரைப் பத்தி கொஞ்சம் நின்னு பேசணும், ஏன்னா இந்த ஆளு ஒரு சுவாரசியமான கேரக்டர். நியூயார்க் மாநிலத்துல ஒரு விவசாயக் குடும்பத்துல பொறந்தவரு, காலேஜ் பக்கமே போகல, வக்கீல் ஆபீஸ்ல உக்காந்து சட்டம் படிச்சு மேல வந்து ஆன் ஆர்பர்ல மிச்சிகன் பல்கலைக்கழகத்துல சட்டப் பேராசிரியராவே ஆயிட்டாரு. அரசாங்கம் எதுல எல்லாம் கை வைக்கக் கூடாதுங்கிறதுதான் அவரோட ஸ்பெஷாலிட்டி. 1870ல ஒரு கேஸ், சேலம்னு ஒரு டவுன்ஷிப் (நம்ம சேலம் இல்லைங்க, மிச்சிகன் சேலம்), அது தனியார் ரயில் கம்பெனிக்கு ஊர்க்காசுல உதவி பண்ணணும்னு சட்டம் வந்துச்சு, கூலி முடியாதுன்னுட்டாரு, பொது வரிய எடுத்துத் தனியார் தொழிலுக்குக் கொடுக்குறது வரியே கிடையாதுங்கிற மாதிரி. ஸ்டூவர்ட் தரப்புக்கு இதுல ஒரு நம்பிக்கை இருந்திருக்கும்னு நான் நினைக்கிறேன், ரயிலுக்கே வரி கூடாதுன்னவரு லத்தீனுக்கா ஒத்துக்குவாரு?

ஆனா இன்னொரு தீர்ப்பும் அவர் கணக்குல இருந்துச்சு. 1869ல டெட்ராய்ட்டுல ஒர்க்மேன்னு ஒருத்தர், கறுப்பினத்தவர், தன் பையனை அந்த வட்டாரப் பள்ளியில சேர்க்க மாட்டேங்குறாங்கன்னு கேஸ் போட்டாரு. பள்ளி போர்டு சொன்னது, கறுப்பினப் புள்ளைங்களுக்குத் தனிப் பள்ளி இருக்கு அங்க போ. கூலி எழுதுனாரு, அந்தப் பகுதியில குடியிருக்கிற எல்லாருக்கும் அங்க இருக்குற எந்தப் பள்ளியிலயும் சேர சம உரிமைன்னு 1867 சட்டம் சொல்லுது, சேத்துக்கோ. சுருக்கமா முடிஞ்சு போச்சு.

கலமசூ தீர்ப்புல அவர் பண்ண வேலை என்னன்னா, இது தத்துவக் கேள்வி இல்ல, இந்த மாநிலத்து மக்கள் இத்தனை வருஷமா என்ன மனசோட நடந்திருக்காங்கன்னு பாப்போம்னு வரலாற்றை எடுத்துப் போட்டாரு. 1817லயே, மிச்சிகன் மாநிலமாக்கூட ஆகாத காலத்துலயே, ஆரம்பப் பள்ளிலேர்ந்து பல்கலைக்கழகம் வரைக்கும் ஒரே அமைப்பா ஒரு சட்டம் போட்டிருந்தாங்க. அதுக்கு வச்ச பேரு கத்தோலெபிஸ்டிமியாட், உட்வர்ட்னு ஒரு ஜட்ஜ் கிரேக்கத்தையும் லத்தீனையும் பிசைஞ்சு பண்ணது, பாவம் யார் வாயிலயும் நுழையல. பேரு எப்படியோ, எண்ணம் தெளிவு. அப்புறம் 1835 சாசனம், 1850 சாசனம், இடையில வந்த சட்டங்கள், எல்லாத்தையும் வரிசையா வச்சு அவர் கேட்ட கேள்வி இதுதான்: கீழ ஆரம்பப் பள்ளிய மக்கள் காசுல நடத்துறீங்க, மேல பல்கலைக்கழகத்தை மக்கள் காசுல நடத்துறீங்க, நடுவுல மட்டும் காசுள்ளவன் போற தனியார் படிக்கட்டுன்னா அது எந்த ஊர் நியாயம்? ஏழை வீட்டுப் புள்ள ஏழாம் வகுப்புலேர்ந்து பல்கலைக்கழகத்துக்கு எப்படித் தாவும்?

லத்தீன் விஷயத்துக்கும் பதில் இருந்துச்சு. படிப்புங்கிறது எழுத்தும் கணக்கும் மட்டும் இல்ல, விரிஞ்ச அர்த்தத்துல படிப்பே நடைமுறைக்கு உதவுற ஒண்ணு, அது பணக்காரனுக்கும் ஏழைக்கும் பொதுவா கிடைக்கணும்னுதான் இந்த மாநிலத்துல எப்பவும் நினைச்சிருக்காங்க, காசு சேத்து வச்சவன் மட்டும் வாங்கிக்கிற அலங்காரமா நினைக்கலன்னாரு. என்ன பாடம், எந்த வகுப்பு வரைக்கும்னு பள்ளி மாவட்டத்தை எந்தச் சட்டமும் கட்டிப் போடல, முறைப்படி ஓட்டுப் போட்டு செலவை ஏத்துக்க அந்த ஊர் மக்கள் தயாருன்னா நடத்தலாம். ஹை ஸ்கூல் நடத்துற அதிகாரம் இருந்தா அதை மேற்பார்க்க ஒரு ஆளைப் போடுற அதிகாரமும் அதுலயே வந்துடுது, சூப்பரின்டெண்டெண்ட் கேள்வி ரெண்டு வரியில க்ளோஸ்.

இதுல கவனிக்க வேண்டியது, ஹை ஸ்கூல் வச்சே ஆகணும்னு அவர் சொல்லல. ஊர் விரும்புனா வச்சுக்கலாம். இந்த "விரும்புனா"ங்கிற ஓட்டை எவ்ளோ பெருசுன்னு கடைசில வரும்.

அப்புறம் என்ன ஆச்சு

மத்த மாநில கோர்ட்டுகள் இதை எடுத்துக்காட்டா காட்ட ஆரம்பிச்சாங்க. தீர்ப்பு வந்ததாலதான் ஹை ஸ்கூல் வந்துச்சுன்னு நான் சொல்ல மாட்டேன், பாஸ்டன்ல 1821லேயே ஒண்ணு இருந்துச்சு, பெரிய நகரங்கள் தங்கள் பாட்டுக்குக் கட்டிக்கிட்டுதான் இருந்தாங்க. ஆனா ஒவ்வொரு சின்ன ஊர்லயும் ஒரு ஸ்டூவர்ட் இருப்பாரு இல்லையா, அவர் கேஸ் போடுவேன்னு மிரட்டும்போது போர்டுகாரங்க கையில காட்ட ஒரு பேப்பர் கிடைச்சுச்சு. அது பெரிய விஷயம்.

1900ல அரசு ஹை ஸ்கூல்ல 5 லட்சத்து 19,000 பேர். முப்பது வருஷத்துல ஜனத்தொகை ரெண்டு மடங்கு, ஹை ஸ்கூல் கூட்டம் ஆறரை மடங்கு. அரசுப் பள்ளிகளோட மொத்தச் செலவு 6 கோடியே 30 லட்சம் டாலர்லேர்ந்து 21 கோடியே 50 லட்சம் டாலர் ஆச்சு. ஆனா இந்த நம்பரைப் பாத்து மயங்கிடக் கூடாது, 17 வயசுப் புள்ளைங்கள்ல ஹை ஸ்கூல் முடிச்சது 1870ல நூத்துக்கு 2 பேர்னா 1900ல நூத்துக்கு 6 பேர், அவ்ளோதான். அதே 1900 கணக்குல 10லேர்ந்து 15 வயசுக்குள்ள பதினேழரை லட்சம் புள்ளைங்க வேலை பாத்துட்டிருந்தாங்க, நிலக்கரியில கல் பொறுக்குறதுலேர்ந்து நூல் ஆலை வரைக்கும். கட்டாய வருகைச் சட்டம் நிறைய மாநிலத்துல இருந்துச்சு, அதைப் போய்ப் பாக்க ஆளும் இல்ல, உக்கார பெஞ்சும் இல்ல.

சரி, அந்த ஹை ஸ்கூல்ல யார் உக்காந்தா? பொண்ணுங்க. ஸ்டூவர்ட் கேஸ் போடும்போது இதை யாரும் பேசவே இல்ல. 1900ல ஹை ஸ்கூல் முடிச்ச 95,000 பேர்ல 57,000 பேர் பொண்ணுங்க. பையன் 14 வயசுல வேலைக்குப் போனா கையில காசு, அதனால அவனை நிறுத்திடுவாங்க, பொண்ணுக்கு அந்த வயசுல கிடைக்கிற வேலை ஆலையோ வீட்டு வேலையோதான், ஆனா ரெண்டு மூணு வருஷம் கூடப் படிச்சா டீச்சர் ஆகலாம். அப்படித்தான் ஒரு சுழற்சி ஆரம்பிச்சுச்சு, ஹை ஸ்கூல் டீச்சரை உண்டாக்குச்சு, டீச்சர் இன்னும் நிறைய ஸ்கூலை உண்டாக்குனாங்க. 1870ல டீச்சர்ங்க ரெண்டு லட்சம், அதுல அறுபது சதவீதம் பெண்கள். 1900ல 4 லட்சத்து 23,000, பத்துல ஏழு பேர் பெண்கள். பள்ளி போர்டுக்கு இதுல என்ன பிரியம்னா ஆம்பளைக்குக் கொடுக்குறதை விடக் கம்மிச் சம்பளம் கொடுத்தாப் போதும். நாட்டுல கல்வி பெருகுனதுக்கு வரி கட்டுனவங்க மட்டும் காசு போடல, கம்மிச் சம்பளத்துக்கு வேலை பாத்த இந்தப் பொண்ணுங்களும் ஒரு விதத்துல போட்டாங்க. கல்யாணம் ஆச்சுன்னா பல ஊர்ல வேலை காலி.

டீச்சர் வேலை பிடிக்காதவங்களுக்கு இன்னொரு கதவு திறந்துச்சு. கலமசூ தீர்ப்பு வந்த அதே 1874லதான் ரெமிங்டன் கம்பெனி டைப்ரைட்டரைக் கடைக்குக் கொண்டு வந்துச்சு, சும்மா ஒரு தற்செயல், ஆனா நல்ல தற்செயல். ஸ்பெல்லிங் சரியா தெரிஞ்ச, கையெழுத்து நல்லா இருக்குற, சொன்னதைச் சட்டுனு குறிச்சுக்கத் தெரிஞ்ச ஆள் ஆபீஸுக்கு வேணும், ஹை ஸ்கூல் முடிச்ச பொண்ணு ரெடியா நிக்குது. ஸ்டெனோ, டைப்பிஸ்ட்னு 1880 கணக்குல சுமார் 5,000 பேர், 1900ல ஒரு லட்சத்துக்கு மேல, அதுல முக்கால்வாசி பெண்கள். அதுக்கு முன்னாடி ஆபீஸ் குமாஸ்தான்னா ஆம்பளைதான். ஒரு தலைமுறைக்குள்ள காலையில எட்டு மணிக்கு டிராம்ல யார் போறாங்கங்கிறதே மாறிடுச்சு.

படிக்கத் தெரிஞ்ச கூட்டம் பெருகுனதும் அவங்களுக்கு விக்க ஆளுங்களும் வந்துட்டாங்க. 1870ல நாளிதழ்கள் மொத்தம் 26 லட்சம் பிரதி போச்சு, 1900ல ஒன்றரைக் கோடி. சிகாகோலேர்ந்து மாண்ட்கோமரி வார்ட் 1872ல ஒத்தைத் தாள்ல விலைப் பட்டியல் போட்டு அனுப்ப ஆரம்பிச்சாரு, கொஞ்ச வருஷத்துல அது தடிப் புத்தகமா ஆச்சு, பண்ணை வீட்டுல இருக்குற அம்மா அதைப் படிச்சு, அளவு எழுதி, காசு கட்டி, ஸ்டேஷன்ல போய் சரக்கை வாங்குனாங்க. அந்தக் கடிதத்தை எழுத ஒரு எட்டாங்கிளாஸ் படிப்பு வேணும், வீட்டுல பெரியவங்களுக்கு வராட்டி புள்ள எழுதும்.

வகுப்புக்குள்ள

நல்லா இருந்துச்சான்னு கேட்டா, இல்ல. 1892ல ஜோசப் ரைஸ்னு ஒரு குழந்தை டாக்டர் 36 நகரங்களுக்குப் போய் வகுப்பு வகுப்பா உக்காந்து பாத்து பத்திரிகையில எழுதுனாரு. நியூயார்க்குல ஒரு பள்ளி, புள்ளைங்க தலையையாவது திருப்பலாமான்னு தலைமை ஆசிரியைகிட்ட கேட்டிருக்காரு. அந்தம்மா, டீச்சர் முன்னாடி நிக்கும்போது இவங்க ஏன் பின்னாடி பாக்கணும்னு திருப்பிக் கேட்டாங்களாம். தரையில ஸ்க்ரூ போட்டு முடுக்குன டெஸ்க், எழுந்து நில்லு, சொல்லு, உக்காரு. மனப்பாடம்தான் படிப்பு. எழுத்துகளைத் தலைகீழா ஒப்பிக்கச் சொன்னாலும் ஒப்பிப்பான், ஒரு கதைய சொந்தமா சொல்லுடான்னா முழிப்பான். அதே வருஷம் கொலம்பஸ் வந்து 400 ஆண்டுன்னு பிரான்சிஸ் பெல்லமி எழுதுன கொடி உறுதிமொழியும் பள்ளிகள்ல வந்துச்சு, எல்லாரும் ஒரே நேரத்துல கையத் தூக்கி ஒரே வரிய சொல்லணும். கப்பல்லேர்ந்து இறங்குன இத்தாலிக்காரன் புள்ள, போலந்துக்காரன் புள்ள எல்லாரையும் ஒரே அச்சுல வார்க்குற வேலை அது.

இந்த அச்சு வேலைக்கு எதிர்ப்பும் இருந்துச்சு, சில இடத்துல ஆட்சியே கவுந்துச்சு. விஸ்கான்சின்ல 1889ல பென்னட் சட்டம்னு ஒண்ணு, எழுத்து, வாசிப்பு, கணக்கு, அமெரிக்க வரலாறு எல்லாம் இங்கிலீஷ்லதான் சொல்லிக் கொடுக்கணும், சர்ச் நடத்துற பள்ளியா இருந்தாலும். அந்த மாநிலத்துல ஜெர்மன்காரங்க ஏராளம், லூத்தரன்களும் கத்தோலிக்கர்களும் ஒருத்தர் முகத்துல ஒருத்தர் முழிக்காதவங்க, இந்தச் சட்டம் அவங்களை ஒண்ணு சேத்துடுச்சு. 1890 தேர்தல்ல பால் பண்ணைக்காரங்க கொண்டாடுன கவர்னர் ஹோர்டு தோத்தாரு, ஜார்ஜ் பெக் ஜெயிச்சாரு, 1891ல சட்டத்தை ரத்து பண்ணிட்டாங்க. மொழியத் தொட்டா என்ன ஆகும்னு நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்ல. ஓட்டு இருந்ததால ஜெர்மன்காரங்க தப்பிச்சாங்க. ஓட்டு இல்லாத பூர்வகுடிப் புள்ளைங்களை 1879லேர்ந்து பென்சில்வேனியாவுல கார்லைல் விடுதிப் பள்ளிக்குக் கொண்டு போய் முடிய வெட்டி, பேரை மாத்தி, தாய்மொழி பேசுனா தண்டிச்சாங்க. அங்கேயும் பலகையில பள்ளிக்கூடம்னுதான் போட்டிருந்துச்சு.

வரிக்குத் திரும்ப வர்றேன். சிகாகோவுல 1897ல டீச்சருங்க சங்கம் ஆரம்பிச்சாங்க. 1900 வாக்குல, தர்றேன்னு சொன்ன சம்பள உயர்வைப் பணம் இல்லன்னு நிறுத்துனாங்க. மார்கரெட் ஹேலி, ஸ்டாக்யார்ட்ஸ்னு சொல்ற கால்நடைச் சந்தை பக்கம் ஆறாம் வகுப்பு எடுத்தவங்க, கேதரின் காகின்னு இன்னொருத்தங்க, ரெண்டு பேரும் பணம் ஏன் இல்லன்னு தோண்ட ஆரம்பிச்சாங்க. பாத்தா எரிவாயு, டெலிபோன், டிராம் கம்பெனிங்க ஊர்த் தெருவ யூஸ் பண்ற உரிமைய வச்சு கோடி கோடியா சம்பாதிக்குது, அந்த உரிமை மேல வரியே போடல. இவங்க கோர்ட்டுக்குப் போய் 1901ல மாநில சுப்ரீம் கோர்ட்டுல ஜெயிச்சாங்க. ஸ்டூவர்ட் வரி அதிகம்னு கோர்ட்டுக்குப் போனாரு, ஆறாங்கிளாஸ் டீச்சர் வரி கட்டலன்னு கோர்ட்டுக்குப் போனாங்க. இந்தக் கதையில எனக்கு ரொம்பப் பிடிச்ச ஆளு ஹேலிதான், அதை மறைக்க விரும்பல.

அகஸ்டாவுல அதே கேள்வி

இப்ப தெற்கே. அடிமை முறை இருந்தப்போ பல தென் மாநிலங்கள்ல கறுப்பின மக்களுக்கு எழுத்து சொல்லிக் கொடுக்குறதே சட்ட விரோதம். உள்நாட்டுப் போர் முடிஞ்சதும் தாத்தா பாட்டியெல்லாம் பேரன்கூட பெஞ்சுல உக்காந்து எழுத்துக் கூட்டுனாங்க. போர் முடிஞ்ச சில வருஷத்துக்குள்ள அட்லாண்டாவுல அப்படி ஒரு பள்ளிக்கு, விடுதலை ஆனவங்களுக்கு உதவுற அரசு அமைப்போட தலைவர் ஜெனரல் ஹோவர்டு வந்து, வடக்கே போய் உங்களைப் பத்தி என்ன சொல்லட்டும்னு கேட்டப்போ, ரிச்சர்ட் ரைட்னு ஒரு சின்னப் பையன் எழுந்து, நாங்க எழுந்துட்டிருக்கோம்னு சொல்லுங்கன்னான். 1870ல கறுப்பின மக்கள்ல படிக்கத் தெரியாதவங்க நூத்துக்கு 80, 1900ல நூத்துக்கு 44. முப்பதே வருஷத்துல, முக்காவாசி சொந்த உழைப்புல. அந்த நூற்றாண்டுக் கதையில இதை விடப் பெரிய சாதனை இருக்குறதா எனக்குத் தெரியல.

அந்த ரைட் பையன் வளந்து 1880ல ஜார்ஜியா மாநிலத்துல அகஸ்டா ஊர்ல வேர் ஹை ஸ்கூலுக்குத் தலைமை ஆசிரியர் ஆனாரு. கறுப்பினப் புள்ளைங்களுக்கு வரிப்பணத்துல நடந்த ஹை ஸ்கூல், அந்த மாநிலத்துல அபூர்வம். இதே காலத்துல வெள்ளைக்காரன் வரி வெள்ளைக்காரன் பள்ளிக்கு, கறுப்பினத்தவர் வரி அவங்க பள்ளிக்குன்னு பிரிக்கிற யோசனை தெற்கே ஓடிட்டிருந்துச்சு, நார்த் கரோலினா 1883ல சட்டமே போட்டுச்சு, 1886ல அந்த மாநில சுப்ரீம் கோர்ட்டு செல்லாதுன்னுடுச்சு. நேரா பிரிக்க முடியலன்னா சுத்தி வளைச்சுப் பிரிக்கலாம், அதுக்கு அகஸ்டா உதாரணம்.

1897ல அகஸ்டா பள்ளி போர்டு வேர் ஹை ஸ்கூலை மூடுச்சு. காரணம் சொன்னாங்க, ஆரம்பப் பள்ளியில இடம் இல்லாம கறுப்பினப் புள்ளைங்க நிறைய பேர் வெளிய நிக்குறாங்க, இந்தக் கட்டடத்தையும் பணத்தையும் அவங்களுக்குக் கொடுக்குறோம். கேக்க நியாயமாத்தான் இருக்கும். ஆனா வெள்ளைக்காரப் பொண்ணுங்களுக்கான ஹை ஸ்கூல் வழக்கம்போல நடக்குது, பையன்கள் படிக்கிற தனியார் அகாடமிக்கும் போர்டு உதவி போகுது. கம்மிங், ஹார்ப்பர், லடவீஸ்னு மூணு அப்பாக்கள் கோர்ட்டுக்குப் போனாங்க. என்ன கேட்டாங்க தெரியுமா? எங்க புள்ளைங்களைச் சேத்துக்காத ஹை ஸ்கூலுக்கு எங்ககிட்ட வரி வாங்காதீங்க. வார்த்தைக்கு வார்த்தை ஸ்டூவர்ட் கேட்டதுதான், ஆனா ஸ்டூவர்ட் புள்ளைய யாரும் வாசல்ல நிறுத்தல.

ஜார்ஜியா சுப்ரீம் கோர்ட்டுல தோத்து, கேஸ் வாஷிங்டன்ல நாட்டோட சுப்ரீம் கோர்ட்டுக்குப் போச்சு. 1899ல தீர்ப்பு, எல்லா ஜட்ஜும் ஒரே பக்கம், எழுதுனது ஜான் ஹார்லன். மூணே வருஷம் முன்னாடி ரயில்பெட்டி கேஸ்ல கறுப்பினத்தவரையும் வெள்ளைக்காரங்களையும் தனித்தனியா பிரிச்சு வைக்கிறது தப்புன்னு ஒத்தை ஆளா எதிர்த்து எழுதுனவரு அவர்தான், அதனாலயே இதைப் படிக்கும்போது மனசு ஆறாது. அவர் சொன்னது இதுதான்: 60 பேருக்கு ஹை ஸ்கூலா, 300 பேருக்கு ஆரம்பப் பள்ளியான்னு போர்டு யோசிச்சு முடிவெடுத்திருக்கு, இன விரோதத்துல பண்ணாங்கங்கிறதுக்கு ஆதாரம் இல்ல, வெள்ளைக்காரங்க ஹை ஸ்கூலை நிறுத்துனா உங்க புள்ளைங்களுக்கு என்ன லாபம், மாநிலத்து வரியால நடக்குற பள்ளிக்கூடம் மாநிலத்தோட விஷயம். கூலி 1874ல "ஊர் விரும்புனா நடத்தலாம்"னாரு, அகஸ்டா விரும்பல, அதாவது யார் யார் விருப்பத்தை எண்ணுறாங்களோ அவங்க விரும்பல.

அப்ப அந்த 60 பேரு எங்க போவாங்க? தனியார் மிஷன் பள்ளிங்க ஊர்ல இருக்கே, லூசி லேனி ஆரம்பிச்ச ஹெய்ன்ஸ் இருக்கு, பெய்ன் இருக்கு, அங்க ஃபீஸ் கட்டிப் படிக்கட்டும்னு போர்டு ஏற்கெனவே சொல்லியிருந்துச்சு. அதனால கம்மிங்கும் ஹார்ப்பரும் லடவீஸும் போர்டுக்கு வரியும் கட்டணும், புள்ளைய ஹை ஸ்கூல் படிக்க வைக்கணும்னா ஹெய்ன்ஸ் மாதிரி பள்ளிக்கு ஃபீஸும் கட்டணும்.